‘சரியா மிஸ்?’ – எண்ணச் சுழற்சி நோயை வகுப்பறையில் அறிதல்

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களில் ஒரு வகையை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். முதல் இரண்டு பக்கங்கள் அச்சடித்ததுபோல இருக்கும். எழுத்துகள் ஒரே அளவில், ஓரக்கோட்டைத் தொடாமல் வரிசையாக நிற்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி மூன்று முறை அடித்து எழுதப்பட்டிருக்கும். சில எழுத்துகளின் மேல் பேனா திரும்பத் திரும்ப ஓடித் தாள் பொத்தலாகியிருக்கும். அதன் பிறகு ஒன்றுமே இருக்காது. நெடுவினாக்களுக்கு வெற்றுத்தாள்தான். கேட்டால் “டைம் பத்தல மிஸ்” என்ற பதில் வரும். “வேகமாக எழுதிப் பழகவும்” என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு ஏறும். தாள் கட்டுக்குள் போய்விடும்.

இப்படி ஒரு தாள் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. பார்வைக் குறைபாடு, எழுதும் பயிற்சிக் குறைவு, தேர்வு பயம், முந்தைய இரவு வீட்டில் நடந்த சண்டை என்று நமக்குத் தெரிந்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு காரணத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை. அதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள்.

நான் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலையும் இல்லை. எந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அடையாளம் காண்பது மட்டுமே நம் வேலை. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மால் அதை நன்றாகவே செய்ய முடியும்.

எண்ணமும் செயலும்

இந்த நோய்க்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, விடாத எண்ணம். அது கூப்பிடாமல் வரும், விரட்டினாலும் போகாது. ‘கையில் கிருமி ஒட்டியிருக்கிறது’, ‘வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டேன்’, ‘எழுதியது தப்பு’, ‘இதை நாலு முறை தொடாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும்’ என்பவை அப்படிப்பட்ட எண்ணங்கள். அதில் அர்த்தம் இல்லை என்று பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கே தெரியும். சிறு குழந்தைகளுக்கு மட்டும் அந்தத் தெளிவு இல்லாமல் இருக்கலாம். தெளிவு இருந்தாலும் பதற்றம் குறையாது.

இரண்டாவது, கட்டாயச் செயல். அந்தப் பதற்றத்தைத் தணிப்பதற்காகக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, திரும்ப எழுதுவது, பிறரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது. செய்து முடித்ததும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். சில நிமிடங்களில் எண்ணம் திரும்பி வரும். நேற்று ஒரு முறை கழுவினால் போதுமாக இருந்தது, இன்று மூன்று முறை தேவைப்படும். நோயின் பெயரில் உள்ள சுழற்சி இதுதான்.

19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதற்குச் ‘சந்தேக நோய்’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும் இந்தப் பிள்ளைகளுக்குப் போதிய சாட்சி ஆவதில்லை.

இது அபூர்வமான நோயும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 18 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. பிள்ளைகளிடையே நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை என்று உலக அளவிலான ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பெரியவர்களாகி மருத்துவரிடம் வருபவர்களில் பலருக்கு நோய் தொடங்கியது பள்ளி வயதில்தான். 500 பேர் படிக்கும் பள்ளி என்றால் ஐந்து பேராவது இருக்கக்கூடும். அந்த ஐவரை நாம் ‘சுத்தக்காரி’, ‘மந்தம்’, ‘தொணதொணப்பு’ என்ற பெயர்களில் அறிந்திருக்கலாம்.

சுத்தம் எது, நோய் எது?

எங்கள் பேட்டையில் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட முடியாது. கூவம் வளைந்து சுற்றிப் போகும் இடம் இது. மீன் மார்க்கெட்டில் வேலை செய்யும் பெற்றோர் பலர். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கையை அழுத்தித் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். கொரோனா காலத்தில் சோப்புப் போட்டு 20 நொடி கழுவ வேண்டும் என்று நாமே பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுத்தோம்.

ஆகவே கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதால் பயனில்லை. எப்போது நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாடை போனதும் குழாயை மூடிவிட்டு வரும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை. கை சுத்தமானது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், ‘இப்போது சரி’ என்ற உணர்வு வரும்வரை கழுவும் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். மனத்துக்குள் வைத்த எண்ணிக்கை முடியும்வரை கழுவுவதும், நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்குவதும் அதே வகை.

வீட்டு ஆசாரங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மடியோடு சமைப்பவரும், தொழுகைக்கு முன் ஒளு செய்பவரும் ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள். முறை முடிந்ததும் அவர்கள் மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. தேர்வன்று பிள்ளையார் சுழி போடுவதும், ராசியான பேனாவைத் தேடுவதும், நடைபாதைக் கற்களின் கோட்டை மிதிக்காமல் நடப்பதும் பிள்ளைப் பருவத்தின் சாதாரணப் பழக்கங்கள். பேனா கிடைக்காவிட்டால் முகம் சுளித்துவிட்டு வேறு பேனாவில் எழுதிவிடுவார்கள்.

ஐயம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, எவ்வளவு நேரம் போகிறது? ஒரு நாளில் மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த எண்ணங்களிலும் செயல்களிலும் கழிகிறது என்றால் மருத்துவ உலகம் அதைக் கவனத்துக்குரியதாகக் கருதுகிறது.

இரண்டாவது, எது கெடுகிறது? படிப்பு, தூக்கம், நட்பு, சாப்பாடு, வீட்டு அமைதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பாதிக்கப்படுகிறதா?

மூன்றாவது, நிறுத்த முடிகிறதா? செய்யவிடாமல் தடுத்தால் வெறும் எரிச்சல் வருகிறதா, அல்லது அழுகையும் நடுக்கமும் வருகிறதா?

மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் ஏறக்குறைய இதே வழியில்தான் செல்கிறது. 1989இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோலில் 10 கேள்விகள். எண்ணங்களுக்கு ஐந்து, செயல்களுக்கு ஐந்து. எடுத்துக்கொள்ளும் நேரம், அன்றாட வாழ்வில் குறுக்கீடு, மன வேதனை, எதிர்க்கும் முயற்சி, கட்டுப்பாடு ஆகியவையே அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. குழந்தைகளுக்கெனத் தனி வடிவமும் உண்டு. மதிப்பெண் போடுவதை மருத்துவரிடம் விட்டுவிடுவோம். என்னென்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நாம் தெரிந்துகொள்வோம்.

வகுப்பறையில் தென்படும் அறிகுறிகள்

• ஒரே சொல்லையோ வரியையோ திரும்பத் திரும்ப அடித்து எழுதுதல். ஒரு பக்கத்தில் சிறு பிழை வந்தாலும் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குதல்.

• வாசிக்கும்போது படித்த வரிக்கே திரும்பிப் போதல். சரளமாக வாசிக்கத் தெரிந்தும் பத்தியை முடிக்க இயலாமை.

• அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்டு நெடுநேரம் கழித்து வருதல். விரல் முட்டிகளில் தோல் வறண்டு, வெடித்து, சிவந்திருத்தல்.

• கைப்பிடி, பிறர் பேனா, பொது டம்ளர் ஆகியவற்றைத் தொடாமல் சட்டை நுனியால் பிடித்தல்; சத்துணவு வரிசையைத் தவிர்த்தல்.

• பையைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சரிபார்த்தல். எல்லோரும் போன பிறகும் இருக்கைக்கு அடியில் ஏதாவது விழுந்ததா என்று தேடுதல்.

• பொருள்களைக் குறிப்பிட்ட வரிசையில் அடுக்குதல். யாராவது கலைத்தால் தாங்க முடியாத பதற்றம்.

• ஒரே கேள்வியை, பதில் கிடைத்த பின்பும், மீண்டும் மீண்டும் கேட்டல்: “சரியா மிஸ்?”, “நெஜமா மிஸ்?”, “என் மேல கோவம் இல்லல்ல மிஸ்?”

• காரணம் தெரியாத தாமதம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் சடங்குகள் முடியாததால் முதல் பாடவேளை தினமும் தவறுதல்.

இவற்றில் ஒன்று ஒருநாள் தென்பட்டால் அது எதையும் சொல்லாது. இரண்டு வாரம் கவனியுங்கள். தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதிவையுங்கள். ‘ரொம்பக் கழுவுகிறாள்’ என்று எழுதினால் மருத்துவருக்கு அதிகம் உதவாது. ‘மதிய இடைவேளையில் 25 நிமிடம் குழாயடியில், கூப்பிட்டதும் அழுதாள்’ என்று எழுதினால் உதவும்.

வெளியே தெரியாத வேதனை

சில பிள்ளைகளிடம் கட்டாயச் செயல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் மனத்துக்குள் நடக்கும். எண்ணுவார்கள், ஒரு வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஒரு கெட்ட எண்ணத்தை நல்ல எண்ணத்தால் அழிக்க முயல்வார்கள். நமக்கு அது ‘கவனக்குறைவு’ என்று தோன்றும்.

தமிழாசிரியர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றை இங்கே சொல்லலாம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அதற்கு மூலமான நூலை எழுதியவர் ஜான் பனியன். அவர் 1666இல் தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். கோயில் மணி அடிப்பதில் அவருக்கு மிகுந்த விருப்பம். மணி தலையில் விழுந்துவிடுமோ என்ற எண்ணம் வந்தது. உத்தரத்துக்கு அடியில் போய் நின்றார். மணி சுவரில் பட்டுத் திரும்பி வந்து விழுந்தால்? வாசலுக்குப் போனார். கோபுரமே சரிந்தால்? அங்கும் நிற்க முடியவில்லை. தான் உயிராக நேசித்த கடவுளையே விற்றுவிடச் சொல்லும் ஓர் எண்ணம் நீண்ட காலம் அவரை வதைத்ததையும் எழுதியிருக்கிறார். இன்று இதைப் படிக்கும் மனநல வல்லுநர்கள் பலர், எண்ணச் சுழற்சி நோயின் சாயலை அதில் காண்கிறார்கள்.

நம் வளரிளம் பருவப் பிள்ளைகளிடமும் இவ்வகை எண்ணங்கள் வரலாம். சாமி கும்பிடும்போது சாமியைத் திட்டும் எண்ணம், தங்கையைக் கீழே தள்ளிவிடுவோமோ என்ற பயம், அருவருப்பான காட்சிகள். அந்தப் பிள்ளை எதை மிகவும் மதிக்கிறதோ அதையே எண்ணம் தாக்கும். அதனால்தான் வெட்கமும் குற்றவுணர்வும் அவ்வளவு அதிகம். யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைப்பார்கள். ஒரு மாணவி தயங்கித் தயங்கி உங்களிடம் இதைச் சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். ‘இப்படி எண்ணம் வருவது வேறு, அப்படிச் செய்ய விரும்புவது வேறு. நீ கெட்டவள் இல்லை. இதற்கு மருத்துவம் இருக்கிறது’ என்ற மூன்று செய்திகள் போதும். தன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு பிள்ளை பேசினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே தலைமையாசிரியர், பெற்றோர், மருத்துவர் மூவரும் அறிய வேண்டும்.

நம் பதிலே நோய்க்குத் தீனியாகும் இடம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நல்ல வாசகன், வாய்மொழித் தேர்வில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். எழுத்துத் தேர்வில் பாதித்தாள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எழுந்து வந்து “சரியா மிஸ்?” என்பான். கணித ஆசிரியரிடமும் அப்படியே, பக்கத்து மாணவனிடமும் அப்படியே. விரல் முட்டிகளில் வெடிப்பு.

அவன் அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். ஒண்டுக் குடித்தனம், ஐந்து குடும்பங்களுக்கு ஒரே குளியலறை. “உள்ள போனா ஒன்றரை மணி நேரம் மிஸ். லாரித் தண்ணி புடிச்சு வெச்சா ரெண்டு கொடத்த இவனே காலி பண்றான். தெனம் பக்கத்து வூட்டுக்காரங்களோட சண்ட. அவங்க அப்பா அடிக்கவும் அடிச்சிட்டாரு. அடிச்ச கைய நான் தொட்டேன்னு மறுபடியும் போய்க் கழுவுறான்” என்றார். பையன் திமிராகச் செய்கிறான் என்றுதான் வீட்டில் நம்பியிருந்தார்கள்.

அவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த உளவியலாளர் பள்ளிக்கு ஓர் அறிவுரை சொல்லி அனுப்பினார். ஒரு கேள்விக்கு ஒரு முறை பதில் சொல்லுங்கள். அதே கேள்வி திரும்பி வந்தால் பதில் சொல்லாமல், கனிவாக, ‘இதற்குப் பதில் சொல்லியாயிற்று, உனக்கே தெரியும்’ என்று விட்டுவிடுங்கள் என்பதே அது. ‘சரிப்பா, சரிப்பா’ என்று பத்து முறை சொல்வது அன்பாகத் தோன்றும். நோய்க்கு அது பத்து முறை கை கழுவுவதற்குச் சமம். நாம் தரும் உறுதிமொழியும் கட்டாயச் செயலின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இந்த நோய்க்கான உளவியல் சிகிச்சையின் அடிப்படையும் இதுதான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அஞ்சும் பொருளை நோயாளி தொடவும் அதன் பின் கழுவாமல் இருக்கவும் உதவும் முறையைப் பற்றி எழுதினார். கழுவாமல் இருந்தால் பதற்றம் முதலில் ஏறும். பொறுத்திருந்தால் தானாகவே இறங்கும். படிப்படியாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு இதைச் செய்தால் சுழற்சி தளர்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. குழாயை மூடிவிட்டு ‘கழுவாதே’ என்று நாம் பிடித்து நிறுத்துவது சிகிச்சை ஆகாது. பிள்ளையின் சம்மதமும் படிமுறையும் இல்லாமல் செய்தால் பயம் கூடும்.

எங்கள் ஆசிரியர் அறையில் இதை எல்லோரும் கலந்து பேசி ஒரே மாதிரி நடந்துகொள்ள முடிவு செய்தோம். முதல் இரண்டு வாரம் அவனுக்குக் கடினமாக இருந்தது. அழுதான். பிறகு கேள்விகள் குறைந்தன. அரையாண்டுத் தேர்வில் நெடுவினா மூன்றில் இரண்டை எழுதியிருந்தான். ஒரு வரி மட்டும் அடித்து எழுதியது. நோய் முழுதாகப் போய்விடவில்லை. சிகிச்சை தொடர்கிறது. ஆனால் பள்ளிக்கு வருகிறான். குளியலறைச் சண்டையும் குறைந்திருக்கிறது.

‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்

சென்னையில் பெற்றோரை மனநல மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பெரிய தடை ஓர் ஊர்ப்பெயர்தான். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மக்களுக்கு மருத்துவம் பார்த்த நிறுவனம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் தலைமை தாங்கிய இடம். ஆனால் திரைப்பட நகைச்சுவையிலும் தெருப் பேச்சிலும் அந்தப் பெயர் கேலியாகிவிட்டது. நம் வகுப்பறைகளில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒரு மாணவன் இன்னொருவனைச் சொல்லும்போது, மூன்றாவது பெஞ்சில் தன் எண்ணங்களை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அதைக் கேட்கிறது. அந்தக் கேலியை அங்கேயே நிறுத்துவது நம் கடமை.

பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரோடு தொடங்காதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: “நல்லாப் படிக்கிற பையன். எழுதறதுல சிரமப்படறான். கையெல்லாம் வெடிச்சிருக்கு. வீட்டுல எப்படி இருக்கான்?” அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். பேய் பிடித்ததோ, செய்வினையோ, வளர்ப்பின் குற்றமோ இதற்குக் காரணம் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். நம்பிக்கையோடு கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்களைத் தடுக்க வேண்டாம். மருத்துவரிடமும் போகச் சொன்னால் போதும்.

எங்கே போகலாம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கள் பகுதிக்கு ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனை பக்கம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களும் உள்ளன. மிகச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தொண்டை வலிக்குப் பின் இந்த அறிகுறிகள் ஓரிரு நாளில் திடீரென்று தோன்றலாம். அப்போது குழந்தை மருத்துவரை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

பலர் முன்னால் ‘எத்தனை தடவை கழுவுவ?’ என்று கேட்க வேண்டாம். அழுக்கான தாளுக்கோ தாமதத்துக்கோ தண்டனை வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு வகுப்புத் தேர்வில் வினாக்களைக் குறைத்தோ, சிறிது கூடுதல் நேரம் கொடுத்தோ, வாய்மொழியாகக் கேட்டோ உதவலாம். எவ்வளவு சலுகை, எவ்வளவு காலம் என்பதை மருத்துவரின் ஆலோசனைப்படி முடிவு செய்வது நல்லது. மறுபடி எழுதாமல் ஒரு வரியைத் தாண்டிப் போன பிள்ளையைக் கவனித்து, தனியாக, ஒரு சொல்லில் பாராட்டுங்கள். எழுத்தின் அழகைப் பாராட்ட வேண்டாம். மேலே எழுதிச் சென்றதைப் பாராட்டுங்கள். நோய் பற்றிய விவரம் தேவைப்படும் ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த நோய் உள்ளவர்கள் பல ஆண்டுகள் கழித்தே மருத்துவரைச் சந்திக்கிறார்கள். அந்த ஆண்டுகளில்தான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துபோகின்றன. சோம்பேறி என்றோ மக்கு என்றோ பெயர் வாங்கி, படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர நம்மால் முடியாது. இந்த ஆண்டு நம் வகுப்பில் இருப்பவர்களுக்கு முடியும். 14416 என்ற எண்ணை ஆசிரியர் அறைப் பலகையில் எழுதிவைப்போம். நம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை ஒரு முறை மெதுவாகப் படிப்போம். எந்தப் பெயரிடம் மனம் நின்று யோசிக்கிறதோ, அந்தப் பிள்ளையை நாளை முதல் இரண்டு வாரம் கவனிப்போம்.